கப்பல் வராத தீவின் மேயர்

2019 ஆகஸ்டில், எங்கள் மொரீஷியஸ் தீவின் குளிர்காலப் பள்ளி விடுமுறையில், பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த என் மகளோடு மூன்று வாரம் தங்கிவரச் சென்றிருந்தேன். அவள் நாள்தோறும் இறங்கும் சுரங்க ரயில் நிலையத்தின் பெயர் எர்ன்ஸ்ட் ராய்ட்டர் பிளாட்ஸ். படியேறி மேலே வந்தால் ஐந்து சாலைகள் கூடும் அகன்ற வட்டச் சந்திப்பு, நடுவில் நீரூற்றுகள், சுற்றிலும் போருக்குப் பின் எழுந்த உயரமான கட்டடங்கள். "யாரம்மா இந்த ராய்ட்டர்?" என்று மகளிடம் கேட்டேன். பாதி கிரியோலிலும் பாதி தமிழிலுமாக அவள் சொன்ன பதில் இதுதான்: "உங்களைப் போல வாத்தியார் வேலைக்குப் படித்தவர் அம்மா. பிறகு இந்த ஊருக்கு மேயர் ஆனார்."

அந்த ஒரு வரிக்காகத்தான் அவரைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். ரோஸ்ஹில்லில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிப்பவள் நான். ஓர் ஆசிரியர் நகரத் தலைவரானார் என்பது பெரிய வியப்பில்லை; உலகெங்கும் நடப்பதுதான். ஆனால் இந்த மனிதர் எந்த நாற்காலியில் உட்கார்ந்தபோதும் ஆசிரியராகவே இருந்தார் என்பதைப் படிக்கப் படிக்க உணர்ந்தேன். அதையே இங்கே எழுத விரும்புகிறேன்.

எர்ன்ஸ்ட் ராய்ட்டர் 1889 ஜூலை 29 அன்று அப்பன்ராடே என்ற துறைமுக ஊரில் பிறந்தார். அன்று அது பிரஷ்யாவின் பகுதி, இன்று டென்மார்க்கின் பகுதி. தந்தை கப்பல் தலைவராக இருந்து, பின்னர் கப்பலோட்டும் கலையைக் கற்பிக்கும் பள்ளியில் ஆசிரியரானவர். குடும்பம் வடகடலுக்கு அருகிலுள்ள லேர் நகருக்குக் குடிபெயர, மகன் அங்கே பள்ளிப் படிப்பை முடித்து, மார்பூர்க், மியூனிக், மூன்ஸ்டர் பல்கலைக்கழகங்களில் ஜெர்மன், வரலாறு, புவியியல் ஆகிய பாடங்களைப் படித்தார். 1912-இல் ஆசிரியர் பணிக்கான அரசுத் தேர்வில் தேறினார். அதே ஆண்டில் சமூக ஜனநாயகக் கட்சியில் உறுப்பினராகவும் சேர்ந்தார்.

ஒரே ஆண்டில் நடந்த இவ்விரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாதவை. பேரரசர் ஆண்ட பிரஷ்யாவில் சமூக ஜனநாயகக் கட்சிக்காரருக்கு அரசுப் பள்ளியின் கதவு திறக்காது. கட்டுப்பாடு மிக்க, அரசனிடம் பற்றுள்ள குடும்பத்தில் பிறந்த பிள்ளை இப்படிப் போனதைப் பெற்றோராலும் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. பீலஃபெல்ட் நகரில் ஒரு வீட்டில் தங்கிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் வேலை கிடைத்தது. கட்சி ஈடுபாட்டால் அதுவும் 1913-இல் போயிற்று. பிறகு பெர்லின் சென்று, கட்சியின் கல்விக் குழுவுக்காக ஊர் ஊராகப் பயணம் செய்து தொழிலாளர்களுக்குப் பாடம் நடத்தினார். ஜெர்மானியர் அந்த வேலைக்கு வைத்திருக்கும் பெயருக்கு 'அலைந்து திரியும் ஆசிரியர்' என்று பொருள். அரசுப் பணியில் இருக்கும் ஆசிரியர் கட்சி அரசியலில் இறங்கக் கூடாது என்ற விதிக்குள் வாழ்பவள் நான். அந்த விதி தேவையானது என்றே நம்புகிறேன். ஆனால் ஒருவர் வகுப்பறையில் என்ன செய்கிறார் என்று பாராமல், எந்தக் கட்சி அட்டையை வைத்திருக்கிறார் என்று பார்த்து அவரிடமிருந்து வகுப்பறையைப் பறிப்பது வேறு. பகல் முழுவதும் இயந்திரத்தோடு நின்ற தொழிலாளர்கள் மாலையில் களைப்போடு வந்து உட்கார்ந்து கேட்ட பாடங்களை நினைத்துப் பார்க்கிறேன். அப்படிப்பட்டவர்களுக்குச் சுற்றி வளைத்துப் பேசினால் தூங்கிவிடுவார்கள். பிற்காலத்தில் பெர்லின் மக்கள் விரும்பிக் கேட்ட அவருடைய நேரான பேச்சு அங்கேதான் பழகியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

அடுத்த 10 ஆண்டுகளை விரைவாகச் சொல்லிவிடலாம், ஆனால் மறைக்கக் கூடாது. முதல் உலகப் போரை எதிர்த்தவர் அவர்; ஆயினும் படையில் சேர்க்கப்பட்டார். 1916-இல் கடுமையாகக் காயமுற்று ரஷ்யரிடம் சிறைப்பட்டார், சிறையிருப்பில் ரஷ்ய மொழியைக் கற்றுக்கொண்டார். 1917 புரட்சி அவரை ஈர்த்தது. 1918-இல் வோல்கா ஆற்றங்கரையில் தலைமுறைகளாக வாழ்ந்துவந்த ஜெர்மானியக் குடியேறிகளின் பகுதிக்கு லெனின் அரசின் ஆணையராகச் சராத்தோவ் நகருக்கு அனுப்பப்பட்டார். ஜெர்மனி திரும்பிக் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்து, 'ஃப்ரீஸ்லாந்து' என்ற புனைபெயரில் இயங்கி, 1921-இல் அக்கட்சியின் பொதுச் செயலாளர் வரை உயர்ந்தார். மாஸ்கோவின் தலையீட்டை எதிர்த்ததால் 1922-இன் தொடக்கத்தில் கட்சியிலிருந்து நீக்கப்பட்டார். அதே ஆண்டில் தாய்க் கட்சியான சமூக ஜனநாயகத்துக்கே திரும்பினார்.

அவரைப் புகழ்ந்து எழுதுபவர்கள் பலர் இந்தப் பகுதியை இளமை வேகம் என்று இரண்டு வரியில் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. முப்பது வயதில் ஒரு கொள்கைக்காக முழு மனத்தோடு உழைத்து, அது பிழை என்று கண்டபோது, கட்சியின் உச்சிப் பதவியை இழந்து வெளியே நிற்க நேர்ந்தாலும் அதைச் சொல்லத் தயங்காதவர் அவர். கரும்பலகையில் தான் எழுதிய விடையைத் தானே அழித்துத் திருத்தி எழுதுவது ஆசிரியருக்கு எவ்வளவு கடினம் என்பது ஆசிரியருக்குத்தான் தெரியும், அதுவும் வகுப்பு முழுவதும் பார்த்துக்கொண்டிருக்கும்போது.

1926-இல் பெர்லின் நகராட்சியில் போக்குவரத்துத் துறையின் பொறுப்பு அவருக்கு வந்தது. அன்றைய பெர்லினில் டிராம் வண்டிகள் ஒரு நிறுவனத்துக்கு, சுரங்க ரயில் இன்னொன்றுக்கு, பேருந்துகள் வேறொன்றுக்கு என்று பிரிந்து கிடந்தன. அவற்றை ஒரே குடையின் கீழ்க் கொண்டுவந்து, நகரமே உடைமையாளராக இருக்கும் பொது நிறுவனமாக்கியவர்களில் முதன்மையானவர் ராய்ட்டர். 1929-இன் முதல் நாளில் அது இயங்கத் தொடங்கியது. மகளோடு நான் பயணம் செய்த மஞ்சள் நிறச் சுரங்க ரயிலை இன்று ஓட்டுவதும் அதன் வழிவந்த நிறுவனமே. ஒரே பயணச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு ரயிலிலிருந்து இறங்கிப் பேருந்தில் ஏறி, நடத்துநர் யாரும் மறுபடி காசு கேட்காமல் நாங்கள் வீடு சேர்ந்த முதல் நாளில், மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் ஆசிரியர் பயிற்சிக்குச் சென்றுகொண்டிருந்த என் இளமைக் காலம் நினைவுக்கு வந்தது. இரண்டு பேருந்து, இரண்டு சீட்டு, இரண்டுக்கும் தனித்தனிக் காசு. மாதக் கடைசியில் இரண்டாவது பேருந்தை விட்டுவிட்டு மேட்டில் நடந்திருக்கிறேன். ஆகையால் 'பயணச்சீட்டுச் சீர்திருத்தம்' என்று நூல்களில் வறட்சியாக எழுதியிருப்பதை என்னால் வறட்சியாகப் படிக்க முடியவில்லை.

1931-இல் எல்பெ ஆற்றங்கரையிலுள்ள மாக்டபூர்க் நகரின் தலைமை மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். உலகப் பொருளாதாரம் சரிந்து, வேலையில்லாதோர் தெருவை நிறைத்திருந்த காலம் அது. வேலையில்லாதவர்கள் தங்கள் கைகளாலேயே வீடு கட்டிக்கொள்ளும் குடியிருப்புகளுக்கு இடமும் பொருளும் தந்தார். ஆற்று நீரை நம்பியிருந்த நகருக்குக் கோல்பிட்ஸ் காட்டுப் பகுதியின் நிலத்தடி நீரைக் கொண்டுவரும் திட்டம் அவர் காலத்தில் நிறைவேறியது. இரண்டு ஆண்டுகூட முழுமையாகக் கிடைக்கவில்லை. 1933 மார்ச்சில் நாஜிகள் அவரைப் பதவியிலிருந்து விரட்டினர். லிக்டன்பூர்க் வதைமுகாமில் அடைத்தனர், விடுவித்தனர், 1934-இல் மறுபடியும் பிடித்து அடைத்தனர். இங்கிலாந்து நண்பர்களின் முயற்சியும் துணை நிற்க உயிரோடு வெளிவந்த அவர், 1935-இல் நாட்டைவிட்டு வெளியேறி, இங்கிலாந்து வழியாகத் துருக்கி போய்ச் சேர்ந்தார்.

இந்த அங்காரா ஆண்டுகள்தான் அவருடைய வாழ்வில் என் மனத்துக்கு மிக நெருக்கமானவை.

அத்தாதுர்க்கின் துருக்கி அப்போது தன்னைப் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்தது. எழுத்தையே 1928-இல் மாற்றியிருந்தார்கள். அங்காரா தலைநகராகிப் பன்னிரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. ஜெர்மனி துரத்திய அறிஞர்கள் பலரைத் துருக்கி அழைத்து வேலை கொடுத்தது. அவர்களில் பலர் மொழிபெயர்ப்பாளரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு ஜெர்மனிலோ பிரெஞ்சிலோ பாடம் நடத்தினார்கள். ராய்ட்டர் முதலில் அமைச்சகத்தில் போக்குவரத்து, கட்டண விவகாரங்களில் ஆலோசகராக இருந்தார். பின்னர் அரசியல் அறிவியல் கல்லூரியில் நகரமைப்புப் பேராசிரியரானார். நாற்பது வயதைக் கடந்தபின் அந்த நாட்டில் காலடி வைத்தவர் துருக்கி மொழியைக் கற்று, துருக்கி மொழியிலேயே வகுப்பெடுத்தார், துருக்கி மொழியில் பாடநூலும் வெளியிட்டார். 1940-இல் வெளிவந்த அந்த நூலின் தலைப்பு 'கோமுன் பில்கிசி'. தமிழில் 'நகராட்சியறிவு' என்று சொல்லலாம். ஒரு நகரம் தன் குடிநீரை, தெருவை, வரியை எவ்வாறு ஆள வேண்டும் என்பதை, அதை ஆளப்போகும் இளைஞர்களுக்கு அவர்களுடைய மொழியிலேயே கிடைக்கச் செய்தார்.

என் வகுப்பில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் வீட்டில் பேசுவது கிரியோல். தமிழ் அவர்களுக்குப் பள்ளியிலும் கோயிலிலும் மட்டுமே காதில் விழும் மொழி. அந்நிய மொழி ஒன்றை வாயில் வைத்து உருட்டிப் பார்க்கும்போது ஒரு குழந்தையின் முகத்தில் தோன்றும் தயக்கத்தை அன்றாடம் பார்க்கிறேன். இரண்டு பெரிய நகரங்களில் அதிகாரம் செலுத்திய ஒருவர், வதைமுகாமிலிருந்து மீண்டு வந்த ஒருவர், அந்தத் தயக்கத்தை நடுவயதில் மறுபடியும் ஏற்றுக்கொண்டு, தன்னைவிட இருபது வயது இளைய மாணவர்கள் முன் பிழையான உச்சரிப்போடு பேசத் துணிந்தார் என்றால், அந்தப் பணிவை எண்ணி நான் தலைவணங்குகிறேன். அவருடைய இளைய மகன் எட்சார்ட் அங்காராவிலேயே வளர்ந்தார். பிற்காலத்தில் டைம்லர்-பென்ஸ் நிறுவனத்தின் தலைவரானவர் அவர்தான்.

போர் முடிந்ததும் நாடு திரும்பத் துடித்த ராய்ட்டருக்கு அனுமதி கிடைக்க ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. 1946 நவம்பரில் பெர்லின் வந்து சேர்ந்தார். நகரம் இடிபாடாகக் கிடந்தது; நான்கு வல்லரசுகளின் படைகள் அதை நான்கு பகுதிகளாகப் பங்கிட்டு ஆண்டன. பழைய போக்குவரத்துத் துறையே மீண்டும் அவர் கைக்கு வந்தது. 1947 ஜூன் 24 அன்று நகரப் பேரவை அவரைத் தலைமை மேயராகத் தேர்ந்தெடுத்தது. சோவியத் தரப்பு அதை ஏற்க மறுத்துத் தடுத்துவிட்டது. பழைய தோழர் என்பதால்தான் அந்தப் பகை மேலும் கசந்திருக்க வேண்டும். தேர்ந்தெடுக்கப்பட்ட மேயர் ஓரமாக நிற்க, லூயீஸ் ஷ்ரோடர் என்ற அம்மையார் பொறுப்பு மேயராக இருந்து நகரை நடத்தினார். அவருடைய உடல்நலம் நலிந்திருந்த காலம் அது; ராய்ட்டரைப் பற்றி எழுதும்போது அந்த அம்மையாரை ஒரு வரியில் கடந்துவிடுவது நியாயமில்லை. பட்டினியும் இடிபாடும் நிறைந்த ஊரை ஓராண்டுக்கு மேல் தாங்கிப் பிடித்தவர் அவர்.

சரியாக ஓராண்டு கழித்து, 1948 ஜூன் 24 அன்று, சோவியத் படை, அமெரிக்க, ஆங்கிலேய, பிரெஞ்சுப் படைகளின் கீழிருந்த மேற்கு பெர்லினுக்கு வரும் சாலை, ரயில், நீர்வழி அனைத்தையும் அடைத்தது. மேற்குப் பகுதிகளில் புதிய மார்க் நாணயம் புழக்கத்துக்கு வந்ததையொட்டி முற்றிய மோதல் அது. இருபது லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழ்ந்த நகரின் ஒரு பாதி, சோவியத் ஆட்சிப் பகுதியின் நடுவே திடீரென்று தீவாகிவிட்டது.

தீவு என்ற சொல்லை நான் எளிதாக எழுதவில்லை. தெற்கே சவான் மாவட்டத்துக் கரும்புத் தோட்டக் கேம்ப் ஒன்றில் வாழ்ந்த என் பாட்டி, 1942-ஐப் பற்றிப் பேசும்போதெல்லாம் "பர்மா அரிசி நின்னுபோன வருஷம்" என்றுதான் சொல்வார். மொரீஷியஸ் மக்கள் உண்ட அரிசியில் பெரும்பகுதி பர்மாவிலிருந்து கப்பலில் வந்தது. ஜப்பானியர் பர்மாவைப் பிடித்ததும் அந்த வழி அடைபட்டது. கரும்பு நிலத்தில் ஒரு பகுதியைப் பிடுங்கிவிட்டு மரவள்ளியும் சோளமும் பயிரிட வைத்தார்கள். சோற்றுக்குப் பதிலாக மரவள்ளிக் கிழங்கை அவித்துத் தின்று தின்று, பிற்காலத்தில் தன் வீட்டு அடுப்பில் அதை ஏற்றவே விடமாட்டார் பாட்டி. நாங்கள் ஆசைப்பட்டுக் கேட்டாலும் மறுத்துவிடுவார். கப்பல் வராவிட்டால் தீவில் என்ன நடக்கும் என்பது எங்கள் குடும்பத்தில் கேள்விப்பட்ட செய்தியல்ல.

முற்றுகை தொடங்கிய நாட்களில் அமெரிக்கத் தளபதி லூசியஸ் கிளே, ராய்ட்டரை அழைத்து, உணவையும் நிலக்கரியையும் விமானத்தில் கொண்டுவருவது போதுமான அளவில் இருக்காது, உங்கள் மக்கள் தாங்குவார்களா என்று கேட்டார். பின்னாளில் நாட்டின் தலைமை அமைச்சரான வில்லி பிராண்ட் அப்போது உடனிருந்தார். விமானத்தால் ஒரு நகருக்குச் சோறு போட முடியும் என்று ராய்ட்டருக்கே முழு நம்பிக்கை இருக்கவில்லை. நீங்கள் செய்ய முடிந்ததைச் செய்யுங்கள், பெர்லின் மக்கள் செய்ய வேண்டியதை அவர்கள் செய்வார்கள் என்ற பொருளில் அவர் விடையளித்தார். நம்பிக்கை இல்லாத இடத்தில் நம்பிக்கை இருப்பதாக நடிக்கவில்லை. தன் மக்களைப் பற்றி மட்டும் உறுதி சொன்னார்.

நாளொன்றுக்குக் குறைந்தது 4,500 டன் பொருள் இறங்கியாக வேண்டும் என்று கணக்கிட்டார்கள். ஏற்றிவந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு நிலக்கரி. உணவுப் பொருளில் ஒவ்வொரு கிலோவையும் எண்ணிப் பார்த்தார்கள். சுட்ட ரொட்டியைக் கொண்டுவந்தால் அதிலுள்ள நீரின் எடையையும் சேர்த்துச் சுமக்க வேண்டும் என்பதால் மாவைக் கொண்டுவந்து பெர்லினிலேயே சுட்டார்கள். உருளைக்கிழங்கை உலர்த்திச் சீவலாக்கியும் இறைச்சியை எலும்பு நீக்கியும் கொண்டுவந்தார்கள். உப்புதான் பெரிய சிக்கல். உப்பு விமானத்தின் உலோகத்தை அரித்துவிடும். ஆகவே கடல்நீரில் இறங்குவதற்கென்றே அரிப்புத் தாங்கும் வகையில் செய்யப்பட்ட ஆங்கிலேயரின் சண்டர்லாண்ட் நீர்விமானங்களில் உப்பை ஏற்றி, பெர்லினின் ஹாஃபல் ஆற்று ஏரிப்பரப்பில் கொண்டுவந்து இறக்கினார்கள். 'உப்பில்லாப் பண்டம் குப்பையிலே' என்று சொல்லி வளர்ந்த எனக்கு, முற்றுகை பற்றிய எல்லாப் புள்ளிவிவரங்களையும்விட இந்த உப்புப் படகுகளே கண்முன் நிற்கின்றன.

மகள் வாடகைக்கு இருந்த வீட்டின் உரிமையாளர் அம்மாளுக்கு அப்போது 78 வயது. முற்றுகையின்போது ஏழு வயதுச் சிறுமி. ஒரு மாலை மகள் மொழிபெயர்க்க, சமையலறை மேசையில் உட்கார்ந்து அவர் சொன்னவற்றைக் கேட்டேன். மின்சாரம் பகலில் இரண்டு மணி நேரம், இரவில் இரண்டு மணி நேரம். எந்த இரண்டு என்பது தெருவுக்குத் தெரு மாறும். அவர்கள் தெருவுக்குச் சில வாரங்களில் நள்ளிரவு கடந்துதான் வரும். விளக்கு எரிந்ததும் தாயார் எழுந்து மறுநாளுக்கான சூப்பைக் காய்ச்சி, பாத்திரத்தைப் போர்வையால் சுற்றி வைப்பாராம். உலர்ந்த உருளைக்கிழங்குச் சீவலை ஊறவைத்தால் சாம்பல் நிறப் பசை போல ஆகிவிடும் என்று சொல்லி, அந்த அம்மாள் விரல்களைத் தேய்த்துக் காட்டினார். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் முகம் சுளித்தது. என் பாட்டியின் மரவள்ளி முகம் அது.

கிழக்குப் பகுதியில் பெயரைப் பதிந்துகொண்டால் உணவுப் பொருள் தருகிறோம் என்று சோவியத் தரப்பு அறிவித்தது. மேற்கு பெர்லினில் மிகச் சிலரே போய்ப் பதிந்தார்கள். பசியோடு இருக்கும் மக்கள் நீட்டிய ரொட்டியை வேண்டாம் என்று சொல்ல, எதற்காக வேண்டாம் என்பது அவர்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும். அதைத் தெளிவாக்கிய வேலையில் பெரும்பங்கு ராய்ட்டருடையது. மின்சாரமில்லாமல் வானொலிப் பெட்டிகள் ஊமையாகக் கிடந்தபோது, அமெரிக்கப் பகுதி வானொலி ஒலிபெருக்கி வண்டிகளைத் தெருக்களுக்கு அனுப்பியது. ராய்ட்டர் தலையில் அந்தப் புகழ்பெற்ற கறுப்பு பெரே தொப்பியோடு கூட்டம் கூட்டமாகப் போய்ப் பேசினார். பிற்காலத்தில் மேயராக அவர் வானொலியில் ஆற்றிவந்த உரைத் தொடருக்கு, 'எங்கே செருப்பு கடிக்கிறது' என்று நாம் சொல்வோமே, அதே பொருள் கொண்ட தலைப்பைத்தான் வைத்திருந்தார்கள்.

1948 செப்டம்பர் 6 அன்று கிழக்குப் பகுதியிலிருந்த நகரப் பேரவையைக் கம்யூனிஸ்ட் கூட்டம் முற்றுகையிட்டு நடக்கவிடாமல் செய்தது. மூன்று நாள் கழித்து, செப்டம்பர் 9 அன்று, எரிந்து கிடந்த நாடாளுமன்றக் கட்டடத்தின் முன் சுமார் மூன்று லட்சம் பேர் திரண்டார்கள். அங்கே ராய்ட்டர் ஆற்றிய உரையின் ஒரு பகுதி இது: "உலகின் மக்களே, அமெரிக்காவின், இங்கிலாந்தின், பிரான்சின், இத்தாலியின் மக்களே! இந்த நகரத்தைப் பாருங்கள். இந்த நகரத்தையும் இந்த மக்களையும் நீங்கள் கைவிடக் கூடாது, கைவிடவும் முடியாது என்பதை உணருங்கள்!"

மொழியாசிரியை என்ற முறையில் இந்த வாக்கியத்தைப் பலமுறை திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறேன். ஜெர்மனில் அவர் இரண்டு வினைகளை அடுத்தடுத்து வைத்திருக்கிறார். ஒன்று தகாது என்பது, மற்றொன்று இயலாது என்பது. தமிழிலும் 'கூடாது', 'முடியாது' என்று இரண்டும் அருகருகே அழகாக அமர்கின்றன. என் மாணவர்கள் கிரியோலின் 'பா கப்பாவ்' என்ற பழக்கத்தில் எதற்கெடுத்தாலும் 'முடியாது' என்றே எழுதுவார்கள். அந்த வேறுபாட்டைப் புரியவைக்க ஒவ்வோர் ஆண்டும் ஒரு வாரம் செலவாகும். முதலில் அறத்தைச் சொல்லி, உடனே காரியத்தைச் சொல்கிறார் ராய்ட்டர். கைவிடுவது உங்களுக்குத் தகாது. அப்படிக் கைவிட நினைத்தாலும் உங்களால் ஆகாது, ஏனென்றால் எங்களோடு நீங்களும் விழுவீர்கள். கெஞ்சல் எங்கும் இல்லை. உதவி கேட்கும் நிலையில் இருந்தவர், உதவி செய்பவர்களுக்கே அவர்களுடைய நிலையை எடுத்து விளக்கினார்.

1948 டிசம்பர் 5 அன்று மேற்குப் பகுதிகளில் நடந்த தேர்தலில் அவருடைய கட்சி 64.5 விழுக்காடு வாக்குகளைப் பெற்றது. இரண்டு நாளில், தடுப்பதற்கு யாரும் இல்லாத நிலையில், ராய்ட்டர் மேயரானார். அதே மாதத்தில் மேற்கு பெர்லினில் சுதந்திரப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. அதை உருவாக்கிய குழுவில் முன்னின்றவர்களில் அவரும் ஒருவர். நிலக்கரிக்குக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த ஊரில், அந்தக் குளிரில், பல்கலைக்கழகம் தொடங்கினார்கள் என்பதைப் படித்தபோது நூலை மூடிவைத்துவிட்டுச் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். 1949 மே 12 அன்று முற்றுகை விலகியது. சேமிப்புக்காக விமானங்கள் செப்டம்பர் இறுதி வரை வந்துகொண்டிருந்தன. மொத்தம் சுமார் 2,77,000 பறத்தல்கள், சுமார் 23 லட்சம் டன் பொருள். 2008-இல் மூடப்பட்ட டெம்பல்ஹோஃப் விமான நிலையத்தின் முன்னால், மூன்று வான்வழிகளைக் குறிக்கும் மூன்று விலா எலும்புகள் வளைந்து நிற்பது போன்ற நினைவுச்சின்னம் இருக்கிறது. அப்பணியில் உயிரிழந்த வானோடிகளின் பெயர்கள் அதன் அடியில் பொறிக்கப்பட்டுள்ளன. அவர்களில் சிலர், மூன்றே ஆண்டுகளுக்கு முன் இதே நகரின் மீது குண்டு போட்ட படைகளைச் சேர்ந்தவர்கள். பெர்லின் மக்கள் பேச்சுவழக்கில் அந்தச் சின்னத்தை 'பசிவாரி' என்று அழைக்கிறார்கள். வைக்கோல் வாருவோமே, அந்த வாரியைப் போல இருப்பதால்.

அதற்குப் பின் அவருக்குக் கிடைத்தவை நான்கு ஆண்டுகள்தான். வேலையில்லாத் திண்டாட்டம், கிழக்கிலிருந்து ஓயாமல் வந்துகொண்டிருந்த அகதிகள், கட்சிக்குள் பிணக்கு. 1952 கிறிஸ்துமஸ் சமயத்தில், ரஷ்யாவிலிருந்து இன்னும் திரும்பாத போர்க் கைதிகளை நினைத்து வீட்டுச் சன்னல்களில் மெழுகுவத்தி ஏற்றி வையுங்கள் என்று மக்களைக் கேட்டுக்கொண்டார். தாமே ஒரு காலத்தில் அங்கே கைதியாக இருந்தவர். 1953 செப்டம்பர் 29 அன்று மாரடைப்பில் இறந்தார், 64 வயது. இரண்டு நாளில், அதுவரை 'முழங்கால்' என்ற பொருள் கொண்ட பெயரால் அழைக்கப்பட்டுவந்த அந்த வட்டச் சந்திப்புக்கு அவருடைய பெயரைச் சூட்டினார்கள்.

வீட்டு உரிமையாளர் அம்மாளிடம் அந்த இரவைப் பற்றியும் கேட்டேன். அவருக்கு அப்போது பன்னிரண்டு வயது. வானொலியில் செய்தி வந்ததும், யாரும் சொல்லாமலே, தெருவில் ஒவ்வொரு சன்னலாக மெழுகுவத்தி எரியத் தொடங்கியதாம். பெர்லின் முழுவதும் அப்படித்தான் எரிந்தது என்று நூல்களும் சொல்கின்றன. அவருடைய தாயார் மேசை இழுப்பறையைத் திறந்து, முந்தைய கிறிஸ்துமஸில், திரும்பி வராத தம்பிக்காக ஏற்றி, பாதி எரிந்ததும் அணைத்துப் பத்திரப்படுத்தியிருந்த மெழுகுவத்தியின் மிச்சத்தை எடுத்து, அதே சன்னலில், அதே சிறு தட்டில் வைத்து ஏற்றினார். அது எரிந்து தீரும் வரை படுக்கப் போகச் சொல்லவில்லை என்றார் அந்த அம்மாள்.